சேலத்தில் வேலை, பூலாம்பட்டியில் வீடு: சரிப்பட்டு வருமா?

அஞ்சுரோட்டுக்காரன்:
சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா போன மாதம் ஓய்வு பெற்றார். ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு, எடப்பாடி பக்கம் காவிரிக் கரையில் இருக்கிற பூலாம்பட்டி போய் வந்ததிலிருந்து மனுஷனுக்கு வேறு பேச்சே இல்லை, ஆத்தோரம் ஒரு வீடு பிடி, நான் அங்கேயே இருந்துகொள்கிறேன் என்று ஒரே பிடிவாதம். எல்லோரும் குட்டி கேரளா, குட்டி கேரளா என்கிறார்கள், பார்க்கவும் அப்படித்தான் இருந்தது, ஆனால் ஒரு நாள் போய் வடை தின்றுவிட்டு வருவது வேறு, குடியிருப்பது வேறு இல்லையா? அங்கே இருந்துகொண்டு நான் தினமும் சேலம் போய் வர முடியுமா? வருஷம் பூராவும் ஆத்தில் இப்படித்தான் தண்ணீர் நிற்குமா? ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

கதவணை மேட்டுக்காரர்:
தம்பி, நான் உள்ளூர்தான். முதலில் அந்தக் கேரளாவை ஒதுக்கி வையுங்கள், யாரோ வீடியோ போடுகிறவர்கள் கட்டிவிட்ட பேர். தென்னையும் பாக்கும் இருக்கிறது, எதிர்க்கரையில் பாலமலை இருக்கிறது, நடுவில் படகு ஓடுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்தது ஓடுகிற ஆறே இல்லை, தேங்கி நிற்கிற தண்ணீர். மேட்டூருக்குக் கீழே மின்சாரம் எடுப்பதற்காக ஆத்தின் குறுக்கே வரிசையாகக் கதவணை கட்டியிருக்கிறார்கள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். எங்கள் ஊர் முன்னால் கடல் மாதிரி அகலமாக நிற்கிறதே, அது நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை பிடித்து வைத்த தண்ணீர். கதவைத் திறந்துவிட்டால் போச்சு. ஜூன் 12-ல் டெல்டாவுக்கு மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவதுதான் வழக்கமான கணக்கு. அதற்கப்புறம் ஆத்தில் குடிதண்ணீருக்கு விடுகிற கொஞ்சம்தான். கோடையில் பராமரிப்பு வேலைக்கென்று கதவணையை வடித்தால், நேற்று வரைக்கும் படகு ஓடிய இடத்தில் பாறையும் சேறும் கிழிந்த வலையும் கிடக்கும். வெயில் ஏற ஏற ஒரு நாற்றம் வரும் பாருங்கள், பழகினவர்களுக்கே குமட்டும். அப்பாவை அந்த வாரத்தில் ஒரு தடவை கூட்டி வந்து காட்டுங்கள். அதற்கப்புறமும் வீடு வேண்டும் என்றால் தாராளமாக வரட்டும்.

போக்குவரத்து: எடப்பாடி இங்கிருந்து பத்து கிலோமீட்டர் போல. அங்கிருந்து சேலத்துக்கு இன்னொரு நாற்பது. வண்டி வைத்திருந்தால் கொங்கணாபுரம், தாரமங்கலம் வழியாகப் போய்விடலாம். பஸ்ஸை நம்பினால் எடப்பாடியில் நின்று மாற வேண்டும். காலையில் சமாளித்துவிடுவீர்கள். ராத்திரி கடை அடைத்துக் கணக்கு முடித்துக் கிளம்புகிற ஆளுக்கு இது ஆகாது. நானே இரண்டு வருஷம் அப்படி அலைந்துவிட்டுத்தான் இந்த வேலையே வேண்டாம் என்று எடப்பாடியில் தறிப்பட்டறைக்கு மாறினேன்.

அக்கரைப் பொண்ணு:
நான் நெரிஞ்சிப்பேட்டை, அதாவது எதிர்க்கரை, ஈரோடு மாவட்டம். எங்களுக்குப் பூலாம்பட்டி சுற்றுலாத் தலமெல்லாம் இல்லைங்க, தினமும் படகில் போய் இறங்குகிற ஊர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் படகுதான். நான் ஐந்து வருஷம் அதில் போய்த்தான் படித்தேன். மழைநாளில் புத்தகப் பையை மடியில் வைத்து மேலே லைஃப் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொள்வோம், நாங்கள் நனைந்தாலும் நோட்டு நனையாது. படகுக்கார அண்ணன் முறைப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

கோடையைப் பற்றி அண்ணன் சொன்னார், நான் வெள்ளத்தைச் சொல்கிறேன். மேட்டூர் 120 அடி ரொம்பி பதினாறு கண் மதகைத் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். 2018 ஆகஸ்டில் இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது, 2022-லும் அப்படித்தான். கண்ணெதிரே தெரிகிற கரைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். என் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம் அக்கரையில், ஐந்து நிமிஷத்தில் போக வேண்டியவர்கள் வேன் பிடித்துச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் தாம்பூலமே மாற்றி முடித்திருந்தார்கள். அதனால் வீடு பார்த்தால் கரையை ஒட்டிப் பார்க்காதீர்கள், தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். தரகர் சொல்ல மாட்டார்.

மேச்சேரி மாப்பிள்ளை:
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை யாரும் சொல்லவில்லையே! மாமனார் வீடு அங்கேதான். ஞாயிறு மத்தியானம் தெருவில் வண்டி திருப்ப இடம் இருக்காது, திண்ணையில் முன்பின் தெரியாதவன் உட்கார்ந்து பரோட்டா பிரித்துக்கொண்டிருப்பான். இன்னொன்று, தண்ணீர் அசையாமல் நிற்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். மேலே அப்படித்தான் தெரியும், உள்ளே எங்கே பள்ளம் எங்கே பாறை என்று மீன்பிடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளியூர்ப் பையன்கள் சிக்குவது இப்படித்தான்.

அப்பாவுக்கு ஆறுதான் வேண்டுமென்றால் மேட்டூரே பார்க்கலாமே? ஆஸ்பத்திரி, ரயில், சேலத்துக்கு நேர் பஸ் எல்லாம் உண்டு. அனல் மின் நிலையப் புகை இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

அஞ்சுரோட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றிங்க. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சேறு, நாற்றம், வெள்ளம் எதற்கும் அசையவில்லை. "மேட்டூரா? அங்கே அணையைத்தான் பார்க்க முடியும், ஆத்தை எங்கே பார்க்கிறது" என்கிறார்! நான் சேலத்தில் இருந்துகொண்டு அவரும் அம்மாவும் மட்டும் அங்கே இருந்தால்? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அப்புறம் அங்கே பொழுது எப்படிப் போகும்?

கதவணை மேட்டுக்காரர்:
சாதாரண மாத்திரைக்கு இங்கேயே ஆகும், கொஞ்சம் பெரிசு என்றால் எடப்பாடி, அதற்கும் மேல் என்றால் நீங்கள் இருக்கிற சேலம்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பினால் வருகிற மாதிரி ஒரு கார்க்காரரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வீட்டு வாடகையைவிட அது முக்கியம்.

பொழுதுக்கென்ன குறை. விடிகாலை ஆறு மணிக்குப் படித்துறைக்கு வந்தால் பரிசல் ஒன்றொன்றாகக் கரை சேரும். மீனில் ஜிலேபிதான் நிறைய இருக்கும், ரோகு, கட்லா கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் அரஞ்சான். வாங்கினதும் அங்கேயே கல்லில் தேய்த்துச் செதில் எடுத்துத் தருவார்கள், அந்தச் செதிலுக்குக் காக்கையும் நாயும் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டே உங்கள் அப்பா வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் டீ குடிப்பார்கள். மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்பதில்தான் பேச்சு ஆரம்பிக்கும். ஆகஸ்டில் கிழக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டால் பாதிப் பேர் வயலுக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் சாயங்காலம் பாலமலைக்குப் பின்னால் பொழுது சாய்கிற வரைக்கும் அதே இடத்தில்தான்.

விலைக்கு மட்டும் வாங்காதீர்கள். தையில் வந்து வாடகைக்கு இருக்கட்டும், தண்ணீர் வடிகிற கோடை, ஆடிக் கூட்டம் இரண்டையும் பார்க்கட்டும். எங்கள் தெருவிலேயே மாடி ஒன்று காலியாகிறது, ஆறு தெரியாது, சத்தம் கேட்கும். கேட்டுச் சொல்லட்டுமா?

அஞ்சுரோட்டுக்காரன்:
கேட்டுச் சொல்லுங்கண்ணா. மாடி என்றால் படி எத்தனை என்றும் கேளுங்கள், அம்மாவுக்கு முட்டி வலி.