ஸ்ட்ராவின்ஸ்கியின் தனி கிளாரினெட் பீஸ்கள்: காற்புள்ளி வந்தால் மூச்சு வாங்கியே ஆகவேண்டுமா?

ரீட்_மூன்றரை:
வணக்கம். 1918-ல் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தனி கிளாரினெட்டுக்கு எழுதிய மூன்று பீஸ்களை எடுத்திருக்கிறேன். விரல் ஓரளவுக்கு ஓடுகிறது, ஸ்கோரில் (இசைக்குறித் தாளில்) இருப்பதைப் படிப்பதில்தான் சிக்கல். முதல் பீஸில் காற்புள்ளி மாதிரி மூச்சுக்குறிகள் நிறைய. சில இடங்களில் அடுத்தடுத்து வருகின்றன, மூச்சு முட்டவே இல்லை, இருந்தும் குறி நிற்கிறது. அங்கேயும் மூச்சு வாங்க வேண்டுமா? இரண்டாவது பீஸில் பார் லைனே (தாளத்தைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு) கிடையாது. அப்படியானால் ஒரு நோட்டுக்குப் போட்ட ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) எதுவரை செல்லும்? இன்னொன்று, என்னிடம் பி ஃபிளாட் கிளாரினெட் மட்டும்தான் இருக்கிறது.

பழைய_பேண்ட்காரன்:
கடைசிக் கேள்விதான் சுலபம். முதல் இரண்டும் ஏ கிளாரினெட்டில் வாசித்தால் நல்லது, மூன்றாவது பி ஃபிளாட்டில் என்றுதான் போட்டிருக்கிறார். கட்டாயம் என்று சொல்லவில்லை. மூன்றையும் பி ஃபிளாட்டிலேயே வாசியுங்கள். விரல் அதேதான், ஒலி அரை ஸ்வரம் மேலே கேட்கும், கீழ்ப் பகுதியில் அந்த ஏ கிளாரினெட்டின் இருட்டான குரல் கிடைக்காது, அவ்வளவுதான்.

மூச்சுக்குறிக்கு வருவோம். ஸ்கோரிலேயே ஒரு குறிப்பு இருக்கும், பலரும் தாண்டிப் போய்விடுவார்கள்: மூச்சுக்குறி, அழுத்தக்குறி, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வேகம் மூன்றையும் கறாராகப் பின்பற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். வேகம் நிமிடத்துக்கு க்ரோட்செட் (கால் நோட்டு) 52. அதாவது ஒரு க்ரோட்செட்டுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல். அதை மீறக் கூடாது என்றால் காற்புள்ளிக்கான நேரம் எங்கிருந்து வரும்? முந்தின நோட்டின் வாலிலிருந்துதான். அதைக் கொஞ்சம் முன்னதாக விடுங்கள், அடுத்தது சரியான நேரத்தில் பிறக்கட்டும். நெஞ்சில் காற்று இருந்தால் மூச்சு வாங்க வேண்டியதில்லை, ஆனால் ஒலி அறுபடுவது கேட்க வேண்டும்.

மாலை_சாதகம்:
அண்ணா சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். எல்லாக் காற்புள்ளியையும் ஒரே அளவில் வெட்டினால் விக்கல் எடுத்தது போலாகிவிடும். வாக்கியம் முடிகிற இடத்தில் வெட்டு கொஞ்சம் தாராளமாக, நடுவில் வருவதில் நாக்கை மெல்லத் தொட்டு எடுத்தால் போதும் என்பது என் பழக்கம். பீஸ் முழுக்க மென்மையாக, மிக அமைதியாக என்றுதான் கேட்கிறார்.

பழைய_பேண்ட்காரன்:
அளவு மாறட்டும், ஒத்துக்கொள்கிறேன். வேகம் மட்டும் மாறக் கூடாது. இதை ரைன்ஹார்ட் என்ற சுவிஸ் புரவலருக்கு நன்றியாக எழுதினார். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'சிப்பாயின் கதை' என்ற மேடைப் படைப்பு மேடையேற அவர்தான் பணம் கொடுத்தவர், தானும் கிளாரினெட் வாசிப்பவர். அவர் முழுநேரக் கலைஞர் அல்ல என்பதால்தான் ஸ்ட்ராவின்ஸ்கி இவ்வளவு விவரமாகக் குறி போட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ரீட்_மூன்றரை:
நன்றி. ஷார்ப் விஷயம்?

மாலை_சாதகம்:
பார் இல்லாத இடத்தில் அந்தந்த நோட்டோடு குறி முடிகிறது என்று வைத்துத் தொடங்குங்கள். சோதிக்க ஒரு வழி: அதே உயரத்து நோட்டு சற்றுத் தள்ளி மறுபடி வரும்போது ஷார்ப் மறுபடி அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அச்சாகியிருந்தால் ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனிக் குறி என்ற கணக்கு. தேவையில்லாத மாதிரி தெரியும் நேச்சுரல்கள் (ஷார்ப்பை நீக்கும் குறிகள்) பெரும்பாலும் நினைவூட்டல்தான், குழம்ப வேண்டாம். ஒரே பீமுக்குள் (நோட்டுகளை இணைக்கும் தடித்த கோடு) அடுத்தடுத்து அதே நோட்டு குறியில்லாமல் வந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அங்கே வேறு பதிப்போடு ஒப்பிடுங்கள். இதை வெளியிட்ட செஸ்டர் பதிப்பகமே பிற்காலத்தில் திருத்திய பதிப்பு ஒன்றும் போட்டிருக்கிறது. வேறு ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) ஷார்ப் தாவாது, அது எப்போதும் உள்ள விதி.

பார் இல்லையே என்று நீங்களாகப் பென்சிலால் பார் போட்டுக்கொள்ளாதீர்கள். நிமிடத்துக்கு க்வேவர் (க்ரோட்செட்டில் பாதி) 168 மட்டும் பிடிமானம், பீம் எப்படிக் கட்டியிருக்கிறதோ அதுதான் குழு. முதலில் பாதி வேகத்தில் க்வேவரைத் தட்டிக்கொண்டே வாசியுங்கள். நடுவில் கீழே இறங்கி மெதுவாகக் கிசுகிசுக்கும் பகுதியில் பலர் வேகத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள்.

ரீட்_மூன்றரை:
முதல் பீஸின் சின்ன கிரேஸ் நோட்டுகள் (பெரிய நோட்டை ஒட்டி வரும் அலங்கார நோட்டுகள்) தாளத்துக்கு முன்பா, மேலேயா?

பழைய_பேண்ட்காரன்:
குறியில் அது இல்லை. நான் முன்பே வாசித்து முடித்து, பெரிய நோட்டைத் தாளத்தில் வைப்பேன், அழுத்தம் இல்லாமல். மூன்றாவது பீஸுக்குப் போகும்போது ரீட் (ஊதுவாயில் வைக்கும் நாணல் தகடு) நல்லதாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆரம்பம் முதல் கடைசி வரை ஓங்கியே ஊதச் சொல்கிறார்.