பால் பைதான் (ball python என்னும் மலைப்பாம்பு வகை) எலியைத் தொட மாட்டேன் என்கிறான், வளர்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் லண்டனில் இருக்கிறோம். எங்கள் ஆண் பால் பைதானுக்கு மூன்று வயது, நவம்பர் குளிர் தொடங்கியதிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. உறைந்த எலியை முழுக்க இளக்கி, வெந்நீரில் சூடேற்றி, இடுக்கியால் பிடித்துக் காட்டினால் நாக்கை நீட்டிப் பார்க்கிறான், அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு மறைவிடத்துக்குள் போய்விடுகிறான்.

கூண்டின் சூடான பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26, ஈரப்பதம் 60 சதவீதம். அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), அதற்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆனால் இரவில் தரை மட்டும் சூடாக இருக்கிறது, காற்று 22க்கு இறங்கிவிடுகிறது. எனக்குச் சந்தேகமே இதில்தான், ஏனென்றால் உடம்பில் சூடு இல்லாவிட்டால் பாம்புக்குச் செரிக்காது, தின்றாலும் கக்கிவிடும். மேலே செராமிக் ஹீட்டர் மாட்டலாமா? மாட்டினால் ஈரப்பதம் குறைந்து சட்டை உரிப்பது சிக்கலாகுமா?

இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் பட்டினி கிடப்பது வழக்கம் என்று தெரியும். ஆனாலும் எடை 1,200 கிராமிலிருந்து 1,130 ஆகிவிட்டது, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. மூச்சில் சத்தமோ வாயில் சளியோ இல்லை. உயிருள்ள எலி மட்டும் வேண்டாம், அது பாம்பையே கடித்துக் குதறிவிடும்.

எலிக்குப் பதில் சுண்டெலி கொடுத்து யாராவது பழக்கியிருக்கிறீர்களா? ஒருமுறை மறுத்தால் எத்தனை நாள் கழித்து மறுபடி இரை கொடுப்பீர்கள்? எடை எவ்வளவு குறைந்தபோது மருத்துவரிடம் கொண்டுபோனீர்கள்?