ஹெச்-4 விசாவில் இருக்கும் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு எந்தெந்தப் போட்டிகள் திறந்திருக்கின்றன?

எடிசன்_அப்பா:
மகள் நியூ ஜெர்சியில் பப்ளிக் ஸ்கூலில் 10-ஆம் வகுப்பு. ஹெச்-4 விசா (என் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசா). கிரீன் கார்டுக்கான முதல் மனுவான ஐ-140 அப்ரூவ் ஆகி, வரிசையில் எங்கள் முறை வரும் பிரையாரிட்டி டேட்டுக்காகக் காத்திருக்கிறோம். கணக்கும் கெமிஸ்ட்ரியும் நன்றாக வரும், ஆங்கிலத்தில் சிறுகதையும் எழுதுவாள். ஸ்கூல் கவுன்சிலரிடம் கேட்டால் “சிட்டிசனா, கிரீன் கார்டா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சிட்டிசன் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் போட்டிகள் எவை? விதிமுறையில் எதைப் பார்க்க வேண்டும்?

கணக்குப்புலி:
கவுன்சிலர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஸ்காலர்ஷிப் பட்டியல். அதில் குடியுரிமை கேட்பார்கள். போட்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் பேச்சே கிடையாது. விதிமுறையில் “அமெரிக்காவில் உள்ள பள்ளியில் படிப்பவர்” என்று மட்டும் இருந்தால் தயங்காமல் போடுங்கள். “சிட்டிசன் அல்லது பெர்மனன்ட் ரெசிடென்ட்” என்று இருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம். சிக்கலானது மூன்றாவது வகை: முதல் கட்டம் எல்லோருக்கும் உண்டு, கடைசிக் கட்டத்தில் கதவைச் சாத்துவார்கள்.

கெமிஸ்ட்ரி ஒலிம்பியாட் அப்படித்தான். மார்ச்சில் உள்ளூர்த் தேர்வு, ஏப்ரலில் தேசியத் தேர்வு, இரண்டையும் எழுதலாம். அதற்குப் பிறகு 20 பேரைக் கூப்பிடும் பயிற்சி முகாமுக்கு மட்டும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அதற்காக எழுதாமல் விடாதீர்கள். தேசியத் தேர்வு வரை போனதே காலேஜ் அப்ளிகேஷனில் போதுமான கனம்.

கணக்கில் ஏ.எம்.சி. 10, ஏ.எம்.சி. 12 (அமெரிக்கக் கணிதப் போட்டிகள்) இரண்டுக்கும் தடை இல்லை. 25 கேள்வி, 75 நிமிடம், நவம்பரில் நடக்கும். நல்ல மதிப்பெண் வந்தால் அடுத்த கட்டத் தேர்வான ஏ.ஐ.எம்.இ.: 15 கேள்வி, 3 மணி நேரம். அதற்கு மேலே யு.எஸ்.ஏ.எம்.ஓ. (அமெரிக்கக் கணித ஒலிம்பியாட்) எழுத, சட்டப்படி இங்கே வசித்தால் போதும், ஹெச்-4 உட்பட. பலர் கோட்டைவிடுவது விசாவில் இல்லை, பதிவில். ஏ.எம்.சி.க்கு மாணவர் தனியாகப் பதிய முடியாது, தேர்வை நடத்தும் பள்ளியோ அமைப்போதான் பதிய வேண்டும். உங்கள் பள்ளி நடத்தவில்லை என்றால் செப்டம்பரிலேயே பக்கத்துப் பள்ளி, காலேஜ், கணித வட்டம் என்று கேட்டு இடம் பிடியுங்கள். அக்டோபர் கடைசியில் கேட்டால் இடம் இருக்காது.

11-ஆம் வகுப்பு வந்ததும் எம்3 சேலஞ்ச் என்ற கணித மாடலிங் போட்டியைப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து பேர் வரை ஓர் அணி, 14 மணி நேரம், கட்டணம் இல்லை. கோடிங் பழக்கம் இருந்தால் யு.எஸ்.ஏ.சி.ஓ.வின் (அமெரிக்கக் கம்ப்யூட்டிங் ஒலிம்பியாட்) ஆன்லைன் சுற்றுகள் உலகத்தில் யாருக்கும் இலவசம். எல்லோரும் வெண்கல (ப்ரான்ஸ்) நிலையில் தொடங்கி பிளாட்டினம் நிலை வரை ஏறலாம்.

கதைசொல்லி_77:
சிறுகதைக்கு முதலில் ஸ்காலஸ்டிக் ஆர்ட் அண்ட் ரைட்டிங் அவார்ட்ஸ். 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை, வயது 13 ஆகியிருக்க வேண்டும், பள்ளி அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்தால் போதும். ஒரு படைப்புக்கு 10 டாலர்; முடியாதவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. சிறுகதை 3,000 வார்த்தையைத் தாண்டக் கூடாது. ஆயிரத்துக்குள் எழுதினால் ஃப்ளாஷ் ஃபிக்‌ஷன் என்று தனிப் பிரிவே இருக்கிறது. கடைசித் தேதி ஊருக்கு ஊர் மாறும். இணையத்தில் எங்கோ பார்த்த தேதியை நம்பாமல், உங்கள் ஜிப் கோடுக்கு உரிய வட்டாரத் தேதியைப் பாருங்கள். கையெழுத்துப் பிரதிக்குள் பெயர் எங்கும் வரக் கூடாது. வேர்டு ஃபைலின் தலைப்பகுதியில் பள்ளி வழக்கப்படி போட்ட பெயர் அப்படியே போய்விடுவது அடிக்கடி நடக்கிறது.

கட்டுரைக்கு ப்ரொஃபைல் இன் கரேஜ். 700 முதல் 1,000 வார்த்தை, குறைந்தது ஐந்து ஆதாரம். இங்கே பள்ளியில் படிப்பவருக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை.

தவிர்க்க வேண்டியவை: அமெரிக்கன் லீஜன் பேச்சுப் போட்டி, டேவிட்சன் ஃபெலோஸ். இரண்டுக்கும் சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு வேண்டும். வாய்ஸ் ஆஃப் டெமாக்ரஸி என்ற ஆடியோ கட்டுரைப் போட்டியில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டவர்களும் வரலாம்.

எடிசன்_அப்பா:
மிக்க நன்றி. ஐ-140 அப்ரூவ் ஆனதை “விண்ணப்பித்தவர்” என்று எடுத்துக்கொள்ளலாமா?

கதைசொல்லி_77:
முடியாது சார். ஐ-140 உங்கள் கம்பெனி போட்டது. மகள் பெயரில் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டு ரசீது வந்தால்தான் அவள் விண்ணப்பதாரர்.

லேப்_கோட்:
கெமிஸ்ட்ரியில் ஆர்வம் என்றால் அறிவியல் கண்காட்சி வழியை விடாதீர்கள். ஐசெஃப் என்ற சர்வதேச அறிவியல் கண்காட்சிக்கு நேரடியாகப் போக முடியாது, அதனுடன் இணைந்த வட்டாரக் கண்காட்சியில் தேர்வாக வேண்டும். விசா தடை இல்லை. தனியாகவோ மூவர் வரை அணியாகவோ செய்யலாம்.

இதில் ஆளைக் கவிழ்ப்பது காகித வேலைதான். ஆராய்ச்சித் திட்டமும் படிவம் 1, 1ஏ, 1பி-யும் சோதனை தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். மனிதர்களிடம் தகவல் எடுத்தால் (வகுப்பு நண்பர்களுக்கு அனுப்பும் கூகுள் ஃபார்ம் சர்வே கூட இதில் சேரும்) முதலில் ஐ.ஆர்.பி. என்ற ஆய்வுப் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுவில் ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி நிர்வாகி, மருத்துவமோ மனநலமோ தெரிந்த ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர். பெற்றோர் அதில் உட்காரக் கூடாது. ஒப்புதல் கையெழுத்தின் தேதி சர்வே தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் ப்ராஜெக்டே போச்சு.

ரீஜெனெரான் எஸ்.டி.எஸ். என்ற அறிவியல் ஆராய்ச்சிப் போட்டி 12-ஆம் வகுப்பில் மட்டும். தனிநபர் ஆராய்ச்சிதான், அணியாகச் செய்ததைக் கொடுக்க முடியாது. நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். இங்கே பள்ளியில் படித்தால் விசா எதுவானாலும் சரி. 300 பேருக்குத் தலா 2,000 டாலர், அவர்களில் 40 பேர் இறுதிச் சுற்றுக்கு.

வரிக்காரர்:
பரிசுப் பணம் வந்தால் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்பார்கள். ஹெச்-4 பிள்ளைக்கு அது கிடைக்காது. டபிள்யூ-7 படிவத்தில் ஐ.டி.ஐ.என். (வரி அடையாள எண்) வாங்குங்கள். சாதாரணமாக டாக்ஸ் ரிட்டர்னோடு சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஏழு வாரம் ஆகும், ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் அனுப்பினால் ஒன்பது முதல் பதினொன்று. ஒரிஜினல் பாஸ்போர்ட்டைத் தபாலில் போடப் பயமாக இருந்தால், ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) உதவி மையத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுத்து நேரில் காட்டலாம்.

வருடக்கணக்கில் இங்கேயே இருக்கும் ஹெச்-4 பிள்ளை வரிக் கணக்கில் ரெசிடென்ட். எனவே பரிசு தருபவரிடம் ரெசிடென்ட்டுக்கான டபிள்யூ-9 படிவம்தான் கொடுக்க வேண்டும். ‘சிட்டிசன் இல்லை’ என்றதும் சிலர் வரிக் கணக்கில் ரெசிடென்ட் அல்லாதவருக்கான டபிள்யூ-8பென் படிவத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் 30 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள். எஃப்-1 (மாணவர் விசா) பிள்ளைகளுக்கு முதல் ஐந்து காலண்டர் வருடம் அந்த டபிள்யூ-8பென்தான் சரி.

பரிசு சம்பளமாக ஆகாது, பயப்பட வேண்டாம். ஆனால் பரிசே சம்பளத்தோடு கூடிய இன்டர்ன்ஷிப் என்றால், வேலை அனுமதி இல்லாமல் ஏற்கக் கூடாது. அப்படிப்பட்ட போட்டியில் பணமாக மாற்றித் தருவார்களா என்று பெயர் கொடுக்கும் முன்பே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.