ஒரே ஐ.பி. வரிசை, இரண்டு வி.ஆர்.எஃப்.: பதில் பாக்கெட் ஆள் மாறிப் போகிறது

ஒரே கட்டடத்தில் இரண்டு அலுவலகங்கள், நடுவில் ஒரே லினக்ஸ் ரவுட்டர். டெபியன் 12, கெர்னல் 6.1, மூன்று போர்ட். முதல் போர்ட் இணையத்துக்கு. இரண்டாவது வி.ஆர்.எஃப். (ஒரே ரவுட்டருக்குள் தனி ரூட்டிங் டேபிள்) 'அ' (டேபிள் 10), மூன்றாவது 'ஆ' (டேபிள் 20). இருவருமே 192.168.1.0/24 வைத்திருக்கிறார்கள், மாற்றச் சம்மதமில்லை.

ஒருவர் மட்டும் இருந்தால் எல்லாம் சரி. இரண்டு பக்கமும் 192.168.1.10 ஒரே நேரத்தில், ஒரே சோர்ஸ் போர்ட்டிலிருந்து 8.8.8.8-க்கு டி.என்.எஸ். கேட்டால் 'ஆ'வுக்கான பதில் 'அ'வுக்குப் போகிறது. பிரித்து வைத்த பயனே போச்சு.

மூன்று நாளாகப் பார்த்தவை: லோக்கல் ரூலை முன்னுரிமை எண் 32765-க்கு இறக்கியாச்சு (சிறிய எண்தான் முதலில் பார்க்கப்படும்). இரண்டு டேபிளிலும் முதல் போர்ட் வழியே டீஃபால்ட் ரூட் உண்டு. புது இணைப்புக்கு கனெக்‌ஷன் மார்க் 10 அல்லது 20, பதில் வரும்போது அதைப் பாக்கெட்டில் ஏற்றி, 900-ல் உள்ள ரூல் டேபிளைத் தேர்கிறது (1000-ல் வி.ஆர்.எஃப். ரூல் இருப்பதால் அதற்கு முன்பே). மாஸ்கரேட் (உள் முகவரியை ரவுட்டரின் முகவரியாக மாற்றுவது) முதல் போர்ட்டில் மட்டும்.

கான்ட்ராக் (இணைப்புகளை நினைவில் வைக்கும் கெர்னல் பகுதி) இரண்டையும் ஒரே இணைப்பாக எண்ணுவதுதான் காரணம். ஸோன் (கான்ட்ராக் பதிவுகளைத் தனித்தனியாக வைக்கும் எண்) 10, 20 என இரு திசைக்கும் பிரித்தேன். பதில் ஸோன் 0-வில் வந்து பொருந்தாமல் இரண்டுமே நின்றுவிட்டது.

என்.எஃப்.டேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) போகும் திசைக்கு மட்டும் ஸோன் வைக்க, ரூலை எழுத வேண்டியது நிஜ போர்ட் பெயரிலா, வி.ஆர்.எஃப். பெயரிலா?