புதுப்பிப்பு: தங்கச்சி கல்யாணத்துக்கு ட்ரம்பெட், கீபோர்டு, கடைசியில் வாசித்தது இதுதான்

போன மாதம் கேட்டிருந்தேன்: மதுரையில் சர்ச் கல்யாணம், கீபோர்டு நான், ட்ரம்பெட் பெரியப்பா மகன், ரெண்டு பேருமே நடுத்தர வாசிப்புதான், எதை எடுக்கலாம் என்று. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. நல்லபடியாக முடிந்தது.

பொண்ணு நடந்து வர, ஜெரமையா கிளார்க் இயற்றிய 'பிரின்ஸ் ஆஃப் டென்மார்க்ஸ் மார்ச்'. (இன்னொரு இசையமைப்பாளரான பர்செல் பெயரிலும் கிடைக்கும், பழைய குழப்பம்.) கைகொடுத்தது "ஸ்கேலை இறக்குங்க" என்ற யோசனைதான். வழக்கமாக வாசிப்பது டி மேஜர். பி-ஃபிளாட் ட்ரம்பெட்டுக்கு, கேட்கும் ஸ்வரத்தைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே நோட்டு எழுதணும்; அதனால் அந்த ட்ரம்பெட்காரருக்கு அது இ மேஜர், நாலு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றிய ஸ்வரங்கள்). தம்பி திணறினான். பி-ஃபிளாட்டுக்கு இறக்கியதும் அவனுக்கு வெறும் சி மேஜர், உச்ச ஸ்வரங்களும் எட்டின. நான் டி மேஜர் நோட்டையே வாசித்து, கீபோர்டின் ட்ரான்ஸ்போஸை (வாசிப்பதை அப்படியே ஏற்றி இறக்கி ஒலிக்கும் வசதி) மைனஸ் 4-ல், அதாவது நாலு அரை ஸ்வரம் கீழே, வைத்துக்கொண்டேன்.

ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது பாக்கின் 'ஜீசு, ஜாய் ஆஃப் மேன்ஸ் டிசையரிங்', கீபோர்டு மட்டும். தம்பியின் உதட்டுக்கு அந்த ஓய்வு தேவைப்பட்டது. வெளியே வரும்போது மறுபடி கிளார்க்.

எதிர்பாராதது ரெண்டு. தொடங்கும் நேரத்தில் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் வந்ததும் கீபோர்டு ஆன் ஆனது, ஆனால் ட்ரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது. முதல் ரெண்டு வரி அவன் ஒரு ஊர், நான் ஒரு ஊர். சித்தப்பா அதையும் ரசித்தாராம்!

அடுத்து வெயில். சூட்டில் ட்ரம்பெட் சுருதி ஏறும், கீபோர்டு அசையாது. வீட்டில் சேர்த்த சுருதி சர்ச்சில் ஒத்துவரவில்லை. ட்ரம்பெட்டின் ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க நீட்டிக் குறைக்கும் குழாய்) கொஞ்சம் வெளியே இழுத்த பிறகுதான் சேர்ந்தது.