வீட்டு சர்வரின் பெயரை போன் கண்டுபிடிக்கவில்லை (ஒன்பிளஸ் 6, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்)

வைகைக்கரை:
வணக்கம். ஒன்பிளஸ் 6-ல் ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் (போனுக்கான லினக்ஸ்), ஃபோஷ் (அதன் திரை இடைமுகம்) போட்டு இரண்டு மாதமாகிறது. அன்றாட போன் இதுதான். வீட்டில் ஒரு ராஸ்பெரி பை (கையளவு கணினி) சர்வராக ஓடுகிறது, குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். பெயர் 'பெட்டி'. டெபியன் லேப்டாப்பில் 'பெட்டி.லோக்கல்' என்று அடித்தால் உடனே திறக்கிறது. போனில் திறக்கவே இல்லை. 192.168.1.20 என்று எண்ணைப் போட்டால் போனிலும் திறக்கிறது. ஆகவே வைஃபை சரி, பையும் சரி.

அவாஹி (டாட் லோக்கல் பெயர்களைத் தேடித் தரும் மென்பொருள்) நிறுவி, அதன் பின்னணிச் சேவையான டீமனையும் ஓடவிட்டேன். அவாஹி-ரிசால்வ் கேட்டால் எண்ணைச் சரியாகச் சொல்கிறது. அடுத்த வரியிலேயே பிங் (அந்தக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் 'பேட் அட்ரஸ்'. ஒரே போன், ஒரே டெர்மினல்! அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவரே போனில் படங்களைப் பார்க்கிற மாதிரி செய்து தர ஆசை. எண்ணை அவரால் நினைவில் வைக்க முடியாது. உதவுங்கள்.

சிறுமலை:
பைன்போனில் மொபியன் போட்டபோது எனக்கும் இதே தொல்லை. லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் பொதியை நிறுவுங்க. பிறகு ஈடிசி-யில் என்எஸ்ஸ்விட்ச் கான்ஃப் கோப்பைத் திறந்து, ஹோஸ்ட்ஸ் வரியில் 'ஃபைல்ஸ்' முடிந்ததும் 'எம்டிஎன்எஸ்4_மினிமல்' இருக்கிறதா பாருங்க. 'டிஎன்எஸ்' அதற்குப் பிறகுதான் வரணும். எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

வைகைக்கரை:
நன்றிங்க. அந்தக் கோப்பே என் போனில் இல்லை. நானே உருவாக்கி, நீங்கள் சொன்ன வரியைப் போட்டு, ரீபூட்டும் செய்தேன். மாற்றமே இல்லை.

மலைக்கோட்டை:
தம்பி, சிறுமலை சொன்னது மொபியனுக்கு முழுக்கச் சரி. அது டெபியன், அதன் சி நூலகம் (பெயரைத் தேடுவது உட்பட நிரல்களின் அடிப்படை வேலைகளைச் செய்வது) ஜிலிப்சி. உங்க போனில் இருப்பது ஆல்பைன் அடித்தளம், அதன் சி நூலகம் மஸ்ல். பெயரை எங்கெங்கே தேடுவது என்று என்எஸ்ஸ்விட்ச் கோப்பைப் பார்த்து முடிவு செய்யும் என்எஸ்எஸ் என்ற ஏற்பாடே மஸ்லுக்குக் கிடையாது. அந்தக் கோப்பில் எதை எழுதினாலும் அது படிக்காது. அதற்குத் தெரிந்தது இரண்டே இடம்: ஈடிசி ஹோஸ்ட்ஸ், ஈடிசி ரிசால்வ் கான்ஃப்.

டாட் லோக்கல் பெயரை வழக்கமான டிஎன்எஸ் சர்வரிடம் (பெயருக்கு எண் சொல்லும் சர்வர்) கேட்பதில்லை. 224.0.0.251, போர்ட் 5353 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் 'யாரப்பா பெட்டி?' என்று வீடு முழுக்கக் கூவிக் கேட்கும் முறை அது. அவாஹி தானே கூவுகிறது, அதனால் பதில் வருகிறது. அந்தப் பதில் வந்துவிட்டதால் ஃபயர்வால் மீதும் பழி போட முடியாது. பிங், பிரவுசர் எல்லாம் மஸ்லிடம் கேட்கின்றன, மஸ்லுக்குக் கூவத் தெரியாது.

அவசரத்துக்கு ஈடிசி ஹோஸ்ட்ஸில் 192.168.1.20 போட்டு, இடைவெளி விட்டு, பெட்டி என்று எழுதுங்க. ஆனால் பையின் எண் மாறினால் அதுவும் போச்சு. நிலையான வழி, பெயரை ரவுட்டரிடம் கொடுப்பதுதான். உங்க ரவுட்டர் என்ன?

வைகைக்கரை:
ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்டது அண்ணா.

மலைக்கோட்டை:
அப்போ பாதி வேலை முடிந்தது. அதில் டிஎன்எஸ்மாஸ்க் (வீட்டுக்குள் எண் கொடுத்து, பெயருக்கும் பதில் சொல்லும் நிரல்) ஏற்கெனவே ஓடுகிறது. பைக்கு ஸ்டாட்டிக் லீஸ் (எப்போதும் ஒரே எண்) கொடுத்து, ஹோஸ்ட்நேம் 'பெட்டி' என்று போடுங்க. 'பெட்டி.லேன்' என்று கூப்பிட்டால் போதும். லேன் என்ற பின்னொட்டு அதில் இயல்பாகவே இருக்கும்.

வைகைக்கரை:
வேலை செய்கிறது! ஆனால் எப்போதும் இல்லை, அதுதான் குழப்பம். திரை எரியும்போது ஐந்து முறை பிங் அடித்தால் நான்கு முறை பதில். போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு எடுத்தவுடன் அடித்தால் பழைய 'பேட் அட்ரஸ்'. ரிசால்வ் கான்ஃபில் மூன்று நேம்சர்வர் வரிகள் இருக்கின்றன. முதலாவது 192.168.1.1, மற்ற இரண்டும் என் ரவுட்டருடையவை இல்லை.

மலைக்கோட்டை:
சிம் டேட்டா ஆன்ல இருக்கா?

வைகைக்கரை:
இருக்கு. எப்பவுமே ஆன்தான்.

மலைக்கோட்டை:
பிடிபட்டுவிட்டது. அந்த இரண்டும் சிம் நிறுவனத்தின் சர்வர்கள். வைஃபை, சிம் இரண்டும் இணைந்திருந்தால் நெட்வொர்க்மேனேஜர் (போனின் இணைப்புகளைக் கவனிக்கும் நிரல்) இரு பக்கத்து சர்வர்களையும் ஒரே கோப்பில் எழுதிவிடும். ஜிலிப்சி முதல் வரியைக் கேட்டு, பதிலே வராவிட்டால்தான் அடுத்ததுக்குப் போகும். மஸ்ல் மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டு, முந்தி வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். சிம் பக்கத்து சர்வருக்கு உங்க வீட்டுப் பெட்டியைத் தெரியாது. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்கிற அதன் பதில் முந்தினால், மஸ்லுக்கு அதுவே முடிவு. ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என இரண்டு கேள்வி போகும். ஒன்றுக்கு 'இல்லை' வந்தாலே மொத்தமும் தோல்வி. போனை எடுத்தவுடன் வைஃபை தூக்கம் கலைந்து வர நேரமாகும், அந்த இடைவெளியில் சிம் முந்தியிருக்கும்.

ரிசால்வ் கான்ஃபைக் கையால் திருத்தாதீங்க, அடுத்த இணைப்பில் அழிந்துவிடும். நெட்வொர்க்மேனேஜரின் கட்டளையான என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை கொண்டு, வீட்டு வைஃபை இணைப்பில் 'ஐபிவி4.டிஎன்எஸ்-பிரையாரிட்டி', 'ஐபிவி6.டிஎன்எஸ்-பிரையாரிட்டி' இரண்டையும் -10 ஆக்குங்க. அங்கே கழித்தல் குறி வந்தால், அந்த இணைப்பு உயிரோடு இருக்கும்வரை மற்ற இணைப்புகளின் சர்வர்கள் கோப்பில் ஏறாது. வீட்டை விட்டு வெளியே போனதும் சிம் சர்வர்கள் தானாகத் திரும்பும். மாற்றியபின் வைஃபையை ஒருமுறை துண்டித்து இணைக்கணும்.

வைகைக்கரை:
அண்ணா, கோப்பில் இப்போது 192.168.1.1 மட்டும்தான். போனை இருபது நிமிடம் கீழே வைத்துவிட்டு எடுத்து அடித்தேன், முதல் பிங்கிலேயே பதில். தெருமுனை வரை நடந்தும் பார்த்தேன், சிம் சர்வர்கள் வந்துவிட்டன, இணையம் ஓடுகிறது. மனமார்ந்த நன்றி. சிறுமலைக்கும்.

ஒன்று மட்டும்: ஃபயர்ஃபாக்ஸில் பெட்டி.லேன் என்று அடித்தால் தேடல் பக்கத்துக்குப் போகிறது.

சிறுமலை:
கடைசியில் ஒரு சாய்கோடு போடுங்க, முகவரி என்று புரிந்துகொள்ளும். ஒருமுறை திறந்ததும் புக்மார்க் செய்துவிட்டால் அம்மா அடிக்கவே வேண்டாம்.

வைகைக்கரை:
செய்துவிட்டேன். போன் இப்போது அம்மா கையில்தான்.