மறு: சார்ஜ் – ஒரு சொல்லா, பல சொல்லா? வியாழனுக்குள் வேண்டும்

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியில் அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பலகைகளைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை அப்படியே என் மேசையில் வைத்துவிட்டார்கள். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் மூலை, ‘கைப்பேசிக் கட்டண இடம்’. பலூனைத் தலைமுடியில் தேய்க்கும் சோதனை, ‘எதிர்மறைக் கட்டணம்’. வாசலில் நிற்கும் ஆசிரியர், ‘கட்டணத்தில் இருப்பவர்’. அனுமதி இலவசம் என்னும் பலகை ஒன்றுதான் தப்பியது. எல்லாவற்றுக்கும் மூலத்தில் இருப்பது சார்ஜ் என்ற ஒரே சொல். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பொறுப்பாசிரியர் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பலூனுக்கும் கைப்பேசிக்கும் என்ன எழுதுவது?

செந்தூல் தமிழாசிரியர் (ஓய்வு):

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வேரைப் பிடித்தால் கிளைகள் தாமே கைக்கு வரும். சார்ஜ் என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் இலத்தீன் வேர் ‘வண்டியில் பாரம் ஏற்று’ என்பதே. கப்பல் சரக்கைக் குறிக்கும் கார்கோவும் அதே குடும்பம்தான். வண்டியில் ஏற்றிய பாரம் பிறகு மனிதன் தலையில் ஏறியது. கடமையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, பணத்தை ஏற்றினால் கட்டணம். துப்பாக்கியில் மருந்து கெட்டித்தாலும் அதே சொல்தான்.

இனி நம் மொழியைப் பாருங்கள். குற்றம் சுமத்துகிறோம். பொறுப்பைச் சுமக்கிறோம். அரசு வரியைச் சுமத்துகிறது. சுமை என்ற ஒரே சொல்லுக்குள் ஆங்கிலச் சொல்லின் வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆகவே மின்சுமை என்றே எழுதுங்கள். இரண்டு இடத்துக்கும் பொருந்தும். வண்டியும் பாரமும் நமக்குப் புதிதா? ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்றாரே வள்ளுவர். மயிலிறகுதான் என்று அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். கைப்பேசியை இரவெல்லாம் சொருகி வைக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குறளையே பலகையில் எழுதிவிடலாம்.

பாயான் லெப்பாஸ் தொழில்நுட்பர்:

ஐயா, குறள் பலகை நன்றாக இருக்கும், வையுங்கள். மின்சுமை மட்டும் வேண்டாம். எங்கள் துறையில் சுமை என்பது மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். காற்றாடி ஒரு சுமை, குளிர்சாதனப் பெட்டி ஒரு சுமை. கைப்பேசியைச் சுவரில் சொருகினால் அதுவும் சுவருக்குச் சுமைதான். அப்போது மின்சுமையே மின்சுமையை வாங்கிக்கொள்கிறது என்று எழுத நேரும். இதைப் படிக்கும் பிள்ளை நாளை தொழிற்பயிற்சிக்குப் போனால் முதல் நாளே தடுமாறும்.

இன்னொன்று. பலூனும் கைப்பேசியும் ஒன்றல்ல. பலூனைத் தேய்க்கும்போது முடியிலிருந்து எலக்ட்ரான்கள் பலூனுக்குப் போகின்றன. பலூன் உண்மையிலேயே எதிர்மின் தன்மை பெறுகிறது. பேட்டரியில் நடப்பது வேறு. ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான்கள் நுழைகின்றனவோ அத்தனையும் மறுமுனையில் வெளியேறிவிடும். முன்பும் மொத்தம் சுழியம், பின்பும் சுழியம். உள்ளே சேர்வது வேதியாற்றல். ஆங்கிலக்காரன் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டான் என்பதற்காக நாமும் குழம்ப வேண்டுமா?

2003இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது முதலாம் ஆண்டில் சேர்ந்தவன் நான். எனக்கு இவை எல்லாமே சார்ஜ் என்றுதான் பதிந்திருக்கின்றன. பேட்டரிக்குள் மின்சாரம் தண்ணீரைப் போல நிரம்புகிறது என்றே நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். தமிழில் இரண்டு சொல்லாகப் படித்திருந்தால் அந்த எண்ணம் வந்திருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:

தம்பி சொல்வதே சரி. பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் என்றும் பார்ப்போம். மலாய்க்காரர்கள் இந்த ஒரு சொல்லை இரண்டு முறை கடன் வாங்கினார்கள். மின்சாரத்துக்குச் ‘சாஸ்’, கட்டணத்துக்குச் ‘சாஜ்’. கடைசி ஒரு மெய்யை மாற்றி இரண்டையும் பிரித்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் சுமத்துவதற்கு ‘துடுஹான்’ என்று தங்கள் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். கடன் வாங்குவதில் அவர்களுக்கு வெட்கமில்லை. நம்மிடமிருந்து கடையையும் கப்பலையும் வாங்கியவர்கள்தானே.

தமிழில் பிரிப்பதற்கு எதையும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பலூனுக்கு உரியது மின்னூட்டம். இலங்கை நூல்களில் அதையே ஏற்றம் என்பார்கள். இரண்டும் கையில் இருக்கும்போது பங்கு போட்டுக்கொண்டால் போதும். பொருளின் தன்மைக்கு மின்னூட்டம், பேட்டரிக்குச் செய்யும் வேலைக்கு மின்னேற்றம்.

செந்தூல் தமிழாசிரியர்:

ஊட்டம் என்றால் ஊட்டுபவர் ஒருவர் வேண்டும். தாய் ஊட்டுவாள், உண்பதற்கு வாய் இருக்கும். எலக்ட்ரானுக்கு அதன் எதிர்மின் தன்மையை ஊட்டியவர் யார்? அது பிறவிக் குணம். பண்புக்கும் வினைக்கும் வேறுபாடு வேண்டும் என்று தம்பியே சொல்கிறார். அப்படியிருக்க, பண்புக்குப் போய் ஊட்டம் என்ற வினைப்பெயரை வைப்பது என்ன ஒழுங்கு?

சுமையை விட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் ‘பெய்’ என்ற வேரைக் கருதுங்கள். குறளில் ‘பீலிபெய்’. புறநானூறு 102இல் ஔவையார் ‘பண்டம் பெரிதுபெய் தன்றே’ என்கிறார். பழந்தமிழன் வண்டியில் ஏற்றுவதைப் பெய்தல் என்றான். மின்பெய்வு! அதே பாட்டில் இன்னொரு புதையலும் உண்டு. உப்பு வணிகரான உமணர், வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் கீழ்மரத்தில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். பையில் போட்டுக்கொண்டு அலைகிறோமே பவர்பேங்க், அது சேம அச்சு இல்லாமல் வேறென்ன? சேமமின்கலன் என்று

ஜார்ஜ்டவுன் அச்சகத்தார்:

ஐயா மன்னிக்க வேண்டும், உங்கள் மடல் பாதியில் நின்றுவிட்டது. நல்லதுதான் என்று நினைக்கிறேன். மின்பெய்வு என்று பலகை அடித்தால் மழையில் மின்சாரம் பாயும் என்று பயந்து பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். பினாங்கில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் ‘அண்ணே, சார்ஜ் போட இடமிருக்கிறதா’ என்றுதான் கேட்கிறார்கள். சார்ஜ் என்று அடித்துவிடலாமே. தாளின் அகலமும் குறைவு.

செந்தூல் தமிழாசிரியர்:

அடிப்பதென்றால் சார்ச்சு என்று அடியுங்கள். ஜகர மெய்யில் முடியும் தமிழ்ச் சொல் எங்கே இருக்கிறது? ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி, என்று தொல்காப்பியர் வடசொல்லுக்கு விதித்தது வெள்ளைக்காரன் சொல்லுக்கும் பொருந்தும். வளர்ச்சி, உணர்ச்சி என்று ரகர மெய்க்குப் பின் சகரம் இரட்டுவது நமக்கு இயல்பு. சார்ச்சு அந்த வரிசையில் பாங்காக உட்காரும்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:

எழுத்தால் தமிழாகும், ஐயா. சர்ச்சில் வழிபாடு என்று படித்துவிட்டுப் பிள்ளைகள் போகாமல் இருந்தால் சரி.

பாயான் லெப்பாஸ் தொழில்நுட்பர்:

ஊட்டமா, ஏற்றமா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பேட்டரி தீர்ந்துபோவதை எப்படிச் சொல்வீர்கள்? ஏற்றத்துக்கு இறக்கம் உண்டு. மின்னிறக்கம் என்று நூல்களிலேயே வருகிறது. இடி மின்னலுக்கும் அதையே சொல்கிறார்கள். ஊட்டத்துக்கு எதிர்ச்சொல் தேடினால் பட்டினி, இல்லாவிட்டால் வாந்தி. பேட்டரி பாடத்தில் பாதி நேரம் ஏற்றுவது, மீதி நேரம் இறக்குவது. இரண்டும் இணையாக வந்தால்தான் பிள்ளைக்கு மனத்தில் நிற்கும். வண்டியில் ஏற்றுவதும் இறக்குவதும்தானே, செந்தூல் ஐயாவின் வேரும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

பலூனுக்கு மின்னூட்டம் இருக்கட்டும். ஐயா சொன்ன பண்பு வினைச் சிக்கல் அங்கே இருப்பது உண்மை. அதைத் தீர்க்கப் புதுச்சொல் வேண்டும். வியாழனுக்குள் அது வராது.

பட்டர்வொர்த் ஆசிரியை:

மின்னேற்றம் என்று இன்று வகுப்பில் எழுதிப் பார்த்தேன். ஒரு மாணவி, ‘மின்சாரக் கட்டணம் ஏறிவிட்டதா டீச்சர்’ என்று கேட்டாள். விலையேற்றம் பழகிய காது. மின்னேற்று மூலை என்று மாற்றினேன், உடனே புரிந்துகொண்டாள். மின்னிறக்கம் என்பதை யாரும் விளக்கம் கேட்கவே இல்லை. மின் என்பதோடு ஏற்று சேரும்போது னகரம் ஏன் இரட்டித்தது என்று மட்டும் ஒருவன் கேட்டான். தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்று சொல்லி, அறிவியல் பாடத்தில் இலக்கணமும் நடத்திவிட்டேன்.

குழு மட்டுறுத்துநர்:

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒப்பியது: பலூனுக்கு மின்னூட்டம், கைப்பேசிக்கு மின்னேற்றம், தீர்வதற்கு மின்னிறக்கம், ஆளுக்குப் பொறுப்பாசிரியர். பணத்துக்குக் கட்டணம் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. மின்னூட்டம் என்ற சொல்லின் பொருத்தம் குறித்த கேள்வி திறந்தே இருக்கிறது. ஆசிரியை அச்சுக்கு அனுப்பலாம். எனக்கும் கண் வலிக்கிறது.

ஜார்ஜ்டவுன் அச்சகத்தார்:

பலகைகள் அடித்தாயிற்று. ‘மின்னேற்று மூலை’ பெரிய எழுத்தில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் ‘சார்ஜ்’ என்றும் போட்டிருக்கிறேன், வெளியூர் விருந்தினர் திண்டாடக் கூடாது என்று. ஆசிரியை சம்மதித்தார்.

செந்தூல் தமிழாசிரியர்:

மின்னேற்று எனக்கு உடன்பாடே. அடியில் ஜகர மெய்யைப் போட்டதில் உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். சேமமின்கலன் பற்றி என் மடல் அரைகுறையாக நின்றதால் அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். தம்பி கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.